ஒரு துண்டு குறைந்த கேக்

பேக்கிங் பத்திரிகைகளின் அட்டையில் முழு கேக்கைப் பார்ப்பது அபூர்வம். எங்காவது ஒரு துண்டு வெட்டி எடுத்திருப்பார்கள். அந்த இடைவெளி வழியாக உள்ளே இருக்கிற அடுக்குகள், நடுவில் தடவிய ஜாம், பஞ்சு போன்ற துளைகள் எல்லாம் தெரியும். வெட்டிய துண்டு பக்கத்துத் தட்டில் சாய்ந்து கிடக்கும். அதன் முனையில் ஒரு முள்கரண்டி. சில சமயம் அந்த முனையும் ஒரு வாய் குறைந்திருக்கும். யார் சாப்பிட்டது என்று மட்டும் தெரியாது.

சென்னையில் ஒரு பெண்கள் பத்திரிகையின் சமையல் இணைப்புக்கு ஏழு வருஷம் பக்கம் வடிவமைத்தேன். முதல் முறை கேக் ஷூட்டுக்குப் போனபோது, ஒரு மணி நேரமாகப் பார்த்துப் பார்த்து க்ரீம் தடவி வைத்ததைக் கத்தியால் வெட்டச் சொன்னார் புகைப்படக்கார அண்ணன். எனக்கு மனசே வரவில்லை. "முழுசா இருந்தா அது கடை கேக்கு. ஒரு பீஸ் போச்சுன்னா வீட்டு கேக்கு. நமக்கு வேண்டியது வீடு" என்றார். அவர் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்தவரில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கே பிடிபட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக எனக்கும் பிடிபட்டன. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், ஜன்னல் ஓரம் மாதிரி. நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் கேக் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்த போட்டோ மாதிரி ஆகிவிடும். அட்டைப்படத்தில் மேலே கால்வாசி வெறுமையாக விட வேண்டும், பத்திரிகையின் பெயர் அங்கே உட்காரும். கைகள் வரலாம், முகம் வரக்கூடாது. மாவு பிசைகிற கை, சர்க்கரைப் பொடி தூவுகிற கை. முகம் வந்தால் அது அந்தப் பெண்ணின் கேக். கை மட்டும் வந்தால் படிக்கிறவள் தன் கையை அங்கே வைத்துக்கொள்ளலாம். கசங்கிய லினன் துணி ஒன்று, எதேச்சையாக விழுந்த மாதிரி. தட்டைச் சுற்றி உதிர்ந்த தூள். அந்தத் தூளை நான் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறேன். எதேச்சைக்கு ஆகிற நேரம் இருக்கிறதே, கேக் செய்வதைவிட அதிகம்.

சினிமா மாதிரியே இங்கேயும் ஹீரோ உண்டு, டூப் உண்டு. அட்டையில் வரப்போகிற கேக்குக்கு ஹீரோ என்றே பெயர். லைட் சரிபார்க்கும்வரை சூட்டில் நின்று உருகுவது டூப். டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் இதழை மேல்நாட்டில் ஜூலை, ஆகஸ்டில் எடுத்துவிடுவார்கள். வெளியே கோடை கொளுத்தும்போது உள்ளே பைன் கிளையும் பனி மாதிரித் தூவிய சர்க்கரையும். வெள்ளை மேஜை, பகல் வெளிச்சம், முன்பகுதி மட்டும் தெளிந்து பின்னால் எல்லாம் மங்கிப்போகிற பாணி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் டோனா ஹே தன் பெயரிலேயே 2001 முதல் 2018 வரை நடத்திய பத்திரிகை அதற்குப் பேர்போனது. நாங்கள் அதை அப்படியே காப்பி அடித்தோம் என்று சொல்ல வெட்கமில்லை. எல்லாரும் அடித்தார்கள்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தப் பத்திரிகைகள் தெரியும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. மாமா கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வரும்போது சாக்லேட்டோடு, கப்பலில் யாரோ படித்துவிட்டுப் போட்ட பத்திரிகைகளையும் கொண்டுவருவார். அதில் சமையல், பேக்கிங் இதழ்கள் ஏழெட்டு இருந்தன. பாதி அமெரிக்கா, பாதி இங்கிலாந்து. அம்மா பத்தாவது வரை படித்தவள். மத்தியானம் வேலை முடிந்ததும் ஒரு பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பாள். எங்கள் வீட்டில் அவன் கிடையாது. தேக்சாவில் கடல் மணலைக் கழுவிக் காயவைத்துக் கொட்டி, அதன் மேல் வளையம் வைத்து, பாத்திரத்தை இறக்கி மூடி, மூடி மேல் அம்மிக் குழவி. அதுதான் அவன்.

அமெரிக்க இதழ்களில் வெண்ணெய் 'ஸ்டிக்' கணக்கில் வரும். அகராதியில் ஸ்டிக் என்றால் குச்சி. "ஒரு குச்சி வெண்ணெயா? என்னத்த குச்சி?" என்று அம்மா இரண்டு நாள் யோசித்தாள். அங்கே வெண்ணெயை நீளக் கட்டியாக 113 கிராம் வீதம் தாளில் சுற்றி விற்பார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அதனால் பத்திரிகை சொல்லவில்லை. 'அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்' என்று இன்னொன்று. அவர்கள் நினைக்கிற அறை 18, 20 டிகிரியில் இருக்கும். எங்கள் அடுக்களையில் மே மாதம் வெண்ணெயை வெளியே வைத்தால் அது நெய்யாகப் போகிற வழியில் இருக்கும். அம்மா சொன்னபடியே வெளியே வைத்தாள்.

கப் கதை தனி. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. மேஜைக்கரண்டி அங்கே 15, இங்கே 20. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு கப் மாவு எவ்வளவு என்பதில் ஒற்றுமை இல்லை. கிங் ஆர்தர் மாவுக் கம்பெனி 120 கிராம் என்கிறது. குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை 142 என்கிறது. 2015-இல் தொடங்கிய பேக் ஃப்ரம் ஸ்க்ராட்ச் இதழ் 125 போடுகிறது. மூன்று கப் மாவு போடுகிற ரொட்டியில் வித்தியாசம் 66 கிராம் வரும், கையளவு மாவு. கரண்டியால் அள்ளிப் போடுகிறீர்களா, கப்பை மாவுக்குள் முக்கி எடுக்கிறீர்களா என்பதில் வருகிற வித்தியாசம் இது. தலைதட்டி அளக்கிற பழக்கத்தை 1896-இல் தன் புத்தகத்தில் ஃபேனி ஃபார்மர் பிடிவாதமாக நிலைநாட்டினார். அளவு துல்லியமானது என்ற நம்பிக்கை அன்றைக்கு வந்தது; துல்லியம் இன்னும் வந்தபாடில்லை. அம்மாவிடம் இருந்தது காபி தம்ளர்.

அதனால் அம்மாவுக்கு இங்கிலாந்து இதழ்கள்தான் பிடித்தன. அவை கிராமில் பேசின. கிராம் என்றால் மளிகைக்கடை அண்ணாச்சி பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். 1999-இல், என் பதினோராவது பிறந்தநாளுக்கு, அட்டையில் இருந்த விக்டோரியா ஸ்பாஞ்ச் செய்வதென்று முடிவானது. வெண்ணெய், சர்க்கரை, மாவு மூன்றும் 225 கிராம், முட்டை நாலு. இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. மாவுக்கு முன்னால் மட்டும் 'செல்ஃப் ரெய்சிங்' என்று இருந்தது. தானாக எழும்பும் மாவு. அம்மா அதை மாவைப் புகழ்கிற சொல்லாக எடுத்துக்கொண்டாள், 'நயம் மைதா' என்கிற மாதிரி. நல்ல மைதாவாகப் பார்த்து வாங்கினாள். இங்கிலாந்தில் அது கடையிலேயே பேக்கிங் பவுடர் கலந்து வருகிற மாவு. 150 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும், அந்த மாவு தயார். ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை, தேவையும் இல்லை.

கேக் எழும்பவில்லை. இரண்டு தட்டையான வட்டங்கள், நடுவில் மிக்ஸட் ஃப்ரூட் ஜாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். நான் உள்ளே ஓடிப்போய் பத்திரிகையை எடுத்துவந்து கேக்குக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். "படத்துல வேற மாரி இருக்கு பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அன்றைக்குப் பிறகு என் பிறந்தநாளுக்கு பேக்கரி கேக்தான் வந்தது. பத்திரிகைகள் பரணுக்குப் போயின.

வேலைக்கு வந்தபிறகு, குறிப்பு எழுதும் முறை எப்படி உருவானது என்று தேடிப் படித்தேன். பொருட்களின் பட்டியல் தலையில், செய்முறை கீழே, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம். இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர்களில் இசபெல்லா பீட்டன் முக்கியமானவர். 1861-இல் வந்த அவருடைய தடிமனான புத்தகம் அதற்கு முன்பே பகுதி பகுதியாக வெளிவந்தது, பதிப்பித்தது கணவர். தோராயமாக என்ன செலவாகும் என்பதையும் அவர் போட்டார். இன்றைய இதழ்கள் செலவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'என் பாட்டி செய்கிற ஆப்பிள் பை' என்று நாலு வரி முன்னுரை வைத்துக்கொண்டன. எனக்குச் செலவே பரவாயில்லை என்று தோன்றும்.

தோல்வியைப் பேசுகிற பத்திரிகை ஒன்று உண்டு, மேலே சொன்ன குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட். 1993-இல் கிறிஸ்டோபர் கிம்பல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. அட்டையில் புகைப்படத்துக்குப் பதில் ஓவியம். உள்ளே வெகுகாலம் கறுப்பு வெள்ளைதான் இருந்தது. கட்டுரைகள் எல்லாம் துப்பறியும் கதை மாதிரி: இந்த கேக் ஏன் வறண்டு போகிறது, முட்டையைக் கூட்டினோம், ரப்பர் மாதிரி ஆனது, மாவைக் குறைத்தோம், நடுவில் அமுங்கியது. முதல் முறை ஒரு இதழை முழுக்கப் படித்தபோது அம்மாவுக்கு இது கிடைத்திருக்க வேண்டுமே என்று பதறினேன். நாலைந்து இதழ் தாண்டியதும் கொஞ்சம் அலுத்தது. தோல்வி எல்லாம் அவர்களுடைய அடுக்களையில், சம்பளம் வாங்குகிறவர்கள் கையில் நடந்து முடிந்துவிடுகிறது. கடைசி வரியில் எப்போதும் ஜெயித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என் வீட்டில் தோற்றால் அது முழுக்க என் தப்பு. இருந்தாலும், அமுங்கிய கேக் என்று ஒன்று உலகத்தில் உண்டு என ஒத்துக்கொண்டார்களே, அதற்காக அந்த இதழ்மேல் மரியாதை குறையவில்லை.

எங்கள் இணைப்பிலும் அப்படி ஒரு பக்கம் போடலாம் என்று ஒருமுறை கேட்டேன். முப்பது வகை கேக், அதில் நடுப்பக்கத்தில் மட்டும் எழும்பாத கேக், அமுங்கிய கேக், அடிபிடித்த கேக், மூன்று படம், ஏன் எதனால் என்று மூன்று குறிப்பு. டூப் கேக்குகளில் அதற்கு வேண்டியது தாராளமாக இருந்தது. பொறுப்பாசிரியர் மேடம் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "நல்லாதான் இருக்கு. ஆனா இத பாத்துட்டு யாரும்மா செய்வாங்க?" என்றார். அந்த இடத்தில் குக்கர் விளம்பரம் போனது. நான் அதிகம் சண்டை போடவில்லை. அடுத்த இதழ் ஹீரோவுக்குத் தூள் உதிர்க்கப் போய்விட்டேன்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தோம். பத்திரிகைகள் இருந்தன, செல்லரித்தது போக ஐந்து. விக்டோரியா ஸ்பாஞ்ச் இதழைப் பிரித்தேன். குறிப்பு இருந்த பக்கத்தின் ஓரத்தில், வடிவமைப்பாளர் காற்றாட விட்டிருந்த அந்த வெள்ளை இடம் முழுக்க, பென்சிலில் அம்மாவின் கையெழுத்து.

முதல் வரியில் என் பிறந்தநாள் தேதி. 'எழும்பல.' அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அதன் கீழே ஆகஸ்ட் 14. 'ஆப்ப சோடா கால் ஸ்பூன். கொஞ்சம் எழும்பிச்சு. சோப்பு வாசம்.' அக்டோபர். 'சோடா + புளிச்ச தயிர் 2 கரண்டி. நல்லா எழும்பிச்சு. மேல வெடிச்சிட்டு.' நவம்பர். 'மணல் 15 நிமிசம் முன்னாடியே சுட வைக்கணும். மூடிக்குள்ள துணி கட்டு, தண்ணி சொட்டுது.' இப்படி 2001 வரை பதினோரு முறை. சோடாவோடு புளிப்பு சேர்ந்தால்தான் நன்றாக எழும்பும் என்பதை யாரும் சொல்லாமல், தானாக எழும்பும் மாவை அவளே கண்டுபிடித்திருந்தாள். கடைசி வரி: 'இதான் சரி.' பக்கத்தில் ஒரு டிக்.

இதில் ஒரு கேக்கைக்கூட நான் பார்த்ததில்லை.

அம்மா கீழே துடைப்பத்தோடு நின்றாள். பத்திரிகையைக் காட்டினேன். "இது எல்லாம் எப்ப செஞ்ச?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்."

"யாரு சாப்பிட்டா?"

"ஒங்கப்பா. கீழ்வீட்டு அக்கா. ஒருக்கா போஸ்ட்மேன்."

"எனக்கு ஏம்மா தரல?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீ படத்தப் பாப்பட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு இல்லை என்கிற மாதிரி சொன்னாள்.

நான் பரணிலிருந்து இறங்கவே இல்லை கொஞ்ச நேரம். பிறகு அவளே அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த மாதிரி கேட்டாள்: "நீதான இந்த வேல பாக்க. இந்த வெட்டுன துண்டு, இத கடைசில யாரு திம்பா?"

பெரும்பாலும் யாரும் தின்பதில்லை, அது இந்த கேக்கிலிருந்து வெட்டியதாகக்கூட இருக்காது, டூப்பிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்போம் என்றேன்.

"அப்ப உள்ள எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அம்மா அப்படிச் சிரித்தாள்.