சென்னையும் யாழ்ப்பாணமும்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயுள்ள தூரம் யாதென வினவுவார்க்கு ஒரே விடை பகர்தல் அரிது. பலாலி விமான நிலையம் மீனம்பாக்கத்திற்கு ஏறக்குறைய நேர் தெற்கே உள்ளது. வான்வழியே கோடிழுத்து அளப்பின் 355 கிலோமீட்டர் ஆகும். சென்னையினின்று மதுரைக்கு ரயிலிற் செல்வோர் இதனினும் மிகுதியான தூரம் செல்கின்றனர். கொழும்பினின்று யாழ்ப்பாணம் செல்லும் பெருவழியோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

எம் அன்னையார் பிறந்த ஊர் யாழ்ப்பாணம். ஆதலின் இக்கணக்கு எமக்கு வெறும் பூகோள பாடமன்று.

முன்னோர் 'போட் மெயில்' ஏறித் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் அடைந்தனர். 1914இல் தொடங்கிய அவ்வழியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. ஆகாய மார்க்கமும் புதிதன்று. 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் விமானமொன்று இரத்மலானையினின்று எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னை வந்தது. பின்னர் நேர்ந்த போரில் பலாலி படைத்தளமாயிற்று.

2012இல் எம் பாட்டியார் காலமான செய்தி விடியற்காலையில் எட்டியது. நேர்வழி இல்லை. கொழும்புக்கு விமானத்தில் 645 கிலோமீட்டர் தெற்கே சென்று, மீண்டும் வடக்கே திரும்பி இரவெல்லாம் பேருந்திற் செல்லவேண்டியிருந்தது. 355 கிலோமீட்டரைக் கடக்க ஆயிரம் கிலோமீட்டர்! யாம் முற்றத்தில் கால்வைத்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தனர். அன்னையார் ஒன்றும் பேசாது, பாட்டியாரின் வெற்றிலைத் தட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

2019 நவம்பர் 11இல் சென்னையினின்று பலாலிக்கு நேர்விமானம் தொடங்கியது. கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. மறு ஆண்டு சிறிய தாயார் நோயுற்றாரென்று கேட்டு, அன்னையாருடன் யாம் அதிற் சென்றோம்.

அது ஏ.டி.ஆர். என்னும் சுழல்விசிறி விமானம். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்ல வல்லது. அவ்வாறாயின் 43 நிமிஷம் போதுமன்றோ என்று வாசகர் கேட்கலாம். கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேலாகவே காட்டுகிறது. ஓடுபாதைவரை ஊர்தல், உயர ஏறுதல், வேகந்தணிந்து இறங்குதல் ஆகியவையும் அதனுள் அடங்கும். அயல்நாட்டுப் பிரயாணமாதலின் மூன்று மணி முன்னரே நிலையத்திற் காத்திருத்தல் எவ்வட்டவணையிலும் இல்லை. பறந்ததினும் அமர்ந்திருந்ததே மிகுதி. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றேயாதலின் கடிகாரத்தைத் திருத்தும் வேலையில்லை.

சாளரத்தின் கீழ்க் கடலையே நோக்கியிருந்த அன்னையார், பனைகள் தென்பட்டதும் எம் கையைப் பற்றிக்கொண்டார்கள். அவ்வளவு விரைவில் அவை வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

சிறிய தாயார் கட்டிலிற் சாய்ந்து விழித்திருந்தார். தமக்கையைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. அன்னையார் அருகமர்ந்து தலையைக் கோதினார்கள். சிறிது நேரங்கழித்து அவர் எம்மை நோக்கி, "தம்பி, கொழும்பிலையிருந்து விடியவெள்ளன வெளிக்கிட்ட என்ரை மோன் இன்னும் வந்து சேரேல்லை. நீங்கள் மெட்ராசிலையிருந்து வந்திட்டியள். அவனுக்கும் சேத்துச் சோறு போடச் சொல்லு" என்றார்.