குச்சிக்கு எந்த முனை குட்டை?

"குச்சிக்கு எந்த முனை சார் குட்டை?" மெய்ப்புப் பார்க்கும் பெண் தொலைபேசியில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அமெரிக்க நாவல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பாகப்பிரிவினையில் இளையவன் ஏமாந்துபோகிற இடம். அவனுக்கு 'ஷார்ட் எண்ட் ஆஃப் தி ஸ்டிக்' வாய்த்தது என்றிருந்தது மூலத்தில். நானும் யோசிக்காமல் 'குச்சியின் குட்டை முனை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது நியாயம்தான். இரண்டு முனையில் ஒன்று மட்டும் எப்படிக் குட்டையாகும்?

தேட உட்கார்ந்ததும் கேட்டவுடன் நம்பத் தோன்றும் கதை ஒன்று சிக்கியது. இங்கிலாந்துக் கருவூலத்தில் 12ஆம் நூற்றாண்டு முதலே மரக்குச்சிதான் ரசீது. தொகையைக் குறுக்கு வெட்டுகளாகச் செதுக்குவார்கள். இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அந்த அளவுகளை எழுதியே வைத்திருக்கிறார்: 1000 பவுண்டுக்கு உள்ளங்கை கனம், 100க்குக் கட்டைவிரல், 20க்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். முழுதாக அல்ல, பிடிக்குக் கொஞ்சம் விட்டு, அங்கே பாதி கனத்துக்கு ஓர் அறுப்பு. பிளவு அதில் வந்து நின்றுவிடும். பிடியோடு சேர்ந்த நீளத் துண்டு, 'ஸ்டாக்', பணம் கொடுத்தவருக்கு. குட்டைத் துண்டு, 'ஃபாயில்', வாங்கியவருக்கு.

படித்ததோடு விட மனம் வரவில்லை. பச்சை வேப்பங்குச்சியும் பேனாக்கத்தியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் இரண்டும் கோணிப் பிளந்தன. அடுத்து மூன்று தேறின. ஒன்றின் பாதியை இன்னொன்றோடு மாற்றி வைத்தால் வெட்டும் சேரவில்லை, நாரும் சேரவில்லை. தன் ஜோடியோடு வைத்ததும் கோடு தெரியாமல் கவ்விக்கொண்டது. கள்ளக் கையெழுத்துப் போடலாம். மர நாரை யார் போடுவது?

ஆக, கடன்பட்டவன் கையில் இருந்த குட்டைத் துண்டுதான் தொடரின் மூலம் என்று கதை முடிகிறது. எனக்கும் அங்கேயே எழுந்துவிட ஆசைதான். ஆண்டுக் கணக்கு விடவில்லை. 1542இல் நிக்கலஸ் யூடல் எராஸ்மஸை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதே இந்தத் தொடர் வருகிறது. அதில் 'குட்டை' இல்லை. 'கம்பின் மோசமான முனை' என்றுதான் இருக்கிறது. 'குட்டை' ஒட்டிக்கொண்டது வெகுகாலம் கழித்து, அமெரிக்கப் பேச்சில். கருவூலமோ 1826இலேயே குச்சியைக் கைவிட்டுவிட்டது. மிச்சமிருந்தவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலைகளில் போட்டார்கள். பிற்பகலில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தரை காலணியைத் தாண்டிச் சுட்டது. இரவில் நாடாளுமன்றமே எரிந்தது. டர்னர் அதை ஓவியமாக்கினார். டிக்கன்ஸ் இருபது ஆண்டு கழித்தும் மேடையில் கிண்டலடித்தார்.

ஆண்டு ஒத்துவந்திருந்தாலும் நியாயம் ஒத்துவராது. குட்டைத் துண்டு பெரும்பாலும் யார் கையில் இருந்தது? அரசனின் கருவூலத்தில்! 1672இல் இரண்டாம் சார்லஸ் 'இப்போதைக்குக் கடனை அடைக்க முடியாது' என்று கைவிரித்தபோது, நொடித்துப்போனவர்கள் கடன் கொடுத்த பொற்கொல்ல வங்கியாளர்கள். நீளத் துண்டுக்கு உரியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ரோமானியக் கழிப்பறையில் கடற்பஞ்சு செருகிய குச்சி இருந்தது, இருட்டில் தப்பான முனையைப் பிடித்தவன் பாடுதான் இது என்றொரு கதையும் உண்டு. குச்சி நிஜம், செனகா தன் கடிதம் ஒன்றில் அதைச் சொல்கிறார். ஆனால் ரோமிலிருந்து யூடல்வரை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளை எப்படித் தாண்டுவது? எனக்கென்னவோ இது வெறும் கம்புச் சண்டைச் சொல் என்றே படுகிறது. இருவர் ஒரே கம்பைப் பற்றி இழுத்தால் யாருக்கு நல்ல பிடி, யாருக்கு மோசமான பிடி என்பதற்குக் கருவூலம்வரை போகவேண்டியதில்லை.

இத்தனையும் சொல்லி, 'நுனிக்கரும்பு கிடைத்தது' என்று போட்டுவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். பொங்கல் கரும்புக்கு அடித்துக்கொண்ட வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டாமே.

"அந்த ஊர்ல கரும்பு விளையுமா சார்?"

"இல்லம்மா, பனிதான் விளையும்."

கடைசியில் 'இளையவனுக்குக் கல்லுக்காடுதான் மிஞ்சியது' என்று எழுதினேன். அவனுக்குக் கிடைத்ததும் கல்லுக்காடுதான்.