அப்பாவும் மகனும் ஒரு கேம்ஷாஃப்டும்

சீசனுக்குக் குற்றாலம் போனால் தென்காசியில் மாமா வீட்டில்தான் தங்கல். காலையில் ஐந்தருவியிலிருந்து ஈரத்துண்டோடு திரும்பினால், கனடாவிலிருந்து மச்சான் வீடியோ காலில் இருந்தான். ஒர்க்‌ஷாப்பை மூடியதிலிருந்து மாமாவும் அவனும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

மச்சான் வாங்கியிருக்கும் பழைய படகில் 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். பவர் ஏற்ற ரேஸ் கார் கேம்ஷாஃப்டும், அதற்கேற்ற இன்டேக் மேனிஃபோல்டும் மாட்டப்போகிறானாம்.

"ஏல, அது ரோட்டுல ஓடுத காரா? செங்கோட்டையில இருந்து ஆரியங்காவுக்கு ஒரே கியர்ல மேடேறுத லாரி மாதிரில்லா தண்ணிக்குள்ள போட்டு. 6000 ஆர்பிஎம்-ல வார பவர் ஒனக்கு எதுக்கு? நீ எதுல ஓட்டுவ?"

"3500-லப்பா."

"அப்ப அதுல இழுக்குத கேமைப் பாரு. இன்டேக்கும் அதுக்குத் தக்கன."

நான் இன்ஜினியரிங் படித்தவன்தான், ஆனால் வால்வை நேரில் பார்த்ததே மாமா கடையில். அவசரமாகத் தேடிப் படித்துச் சொன்னேன்: படகில் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகத்தான் வெளியே போகும். பெரிய கேம் போட்டால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். ஐடிலிங்கில் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இழுபடலாம்.

மாமா ஒரு நிமிடம் பேசவில்லை.

"பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஏரி நடுவுல நிக்கப்போறியால?"

பிறகு, "சரி, இப்ப ஸ்டார்ட் பண்ணு. டேப்பட் சத்தம் கேக்கணும்" என்றார். அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. மச்சான் போனோடு படகுக்கு நடந்தான்.

மாமா என்னைப் பார்த்து ஃபேனை நிறுத்தச் சொன்னார்.