இரண்டு உரிமைகளும் ஒரு திருத்தமும்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜெ) என்னும் உட்பிரிவு, பொதுக்காரியத்தோடு சம்பந்தமில்லாத அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் அநாவசியமாகப் பிரவேசிக்கிற தனிநபர் விவரத்தை மட்டுமே மறுக்க இடங்கொடுத்து, பாராளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாமானியப் பிரஜைக்கும் மறுக்கலாகாது என்ற உயரிய நியதியையும் தாங்கி நின்றது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவோ, அந்த நிபந்தனைகளையெல்லாம் களைந்து, தனிநபர் தகவல் என்ற ஒன்றையே மறுப்புக்குப் போதுமான காரணமாக்கிவிட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்ததை மனப்பூர்வமாக வரவேற்றவன் நான். ஆயினும், ரேஷன் பட்டியலையும் சாலை ஒப்பந்தக்காரரின் பெயரையும் கேட்கிற கிராமவாசிக்கு அந்த உரிமையையே தடையாகக் காட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

பொதுநலன் மிகுந்தால் வெளியிடலாமென்னும் 8(2)ஆம் பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால், முன்னர் அந்தரங்கம் பங்கப்படுமென்று அதிகாரி விளக்கவேண்டியிருந்த இடத்தில், இனி பொதுநலனைக் குடிமகனே வாதாடி நிலைநாட்டும்படி நேரும். பழைய வாசகத்தை மீட்பதே இரண்டு உரிமைகளுக்கும் நீதி செய்யுமென்பது என் அபிப்பிராயம். நண்பர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.