புளூபெரியும் ஒரு பியர்ஸ் மரமும்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் நான்கு புளூபெரிச் செடிகள் நிற்கின்றன. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைக்கு எழுதிய கை, ஓய்வு பெற்றபின் மண்ணைக் கிண்டத் தொடங்கியதன் பலன் அது.

முதலில் நட்ட இரண்டு செடிகள் இலை மஞ்சளாகிச் செத்தன. மண்ணைச் சோதித்தபோதுதான் காரணம் விளங்கியது. புளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும். பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் அதன் வேர் இரும்புச்சத்தை நன்கு உறிஞ்சும். எங்கள் வளவிலோ அது 7ஐத் தாண்டியிருந்தது. இந்த இரகசியம் பிடிபட்ட பின்னரே, நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்மணியின் பண்ணையிலிருந்து 1916இல் பயிரிட்ட புளூபெரி முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. நானும் குழி வெட்டி, பீட் பாசியும் கந்தகத் தூளும் கலந்து, புதுச் செடிகளைப் பிழைக்க வைத்தேன்.

தேயிலைக்கு உகந்த மண்ணும் அதுவேதான். நான் பிறந்த மண். பதுளையை அடுத்த ஒரு தோட்டம், பெயர் வேண்டாம்.

அங்கே லயத்தின் பின்புறம், பீலிக்கு மேலே, எங்களுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. போஞ்சி, முள்ளங்கி, கீரை என்று சில மாதங்களில் பறித்துவிடக் கூடியவற்றையே அப்பா போடுவார். ஒரேயொரு முறை பண்டாரவளையிலிருந்து ஒரு பியர்ஸ் கன்றைக் கொண்டுவந்து நட்டார். ஐந்தாம் ஆண்டு அது பூத்தது. அந்த ஆண்டே அவ்விடத்தில் தேயிலை நடுவதென்று தோட்டத்தில் முடிவாயிற்று. மரத்தை வெட்டும்படி அப்பாவிடமே சொன்னார்கள். வெட்டினார். அதன்பின் அவர் மரம் எதுவும் நடவில்லை.

புளூபெரி அவசரக்காரருக்கு ஏற்ற செடியன்று. முதல் இரண்டு ஆண்டுகள் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். நிறைந்த விளைச்சலுக்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். குளிர்காலத்தின் கடைசியில் முதிர்ந்த கிளைகளைக் கவ்வாத்துச் செய்ய வேண்டும். பழம் நீலமான பிறகும் சில நாள் பொறுக்க வேண்டும். காம்படியில் செம்மை மறைந்து, பெருவிரல் பட்டதும் உள்ளங்கையில் உதிர்வதே இனிக்கும்.

ஜூலையிலும் ஓகஸ்டிலும் பறிக்கிறேன். ஊவாவில் வறண்ட காற்று வீசி, தேயிலைக்குத் தனி வாசம் ஏறும் காலமும் அதுதான். அம்மா முதுகில் கூடை சுமந்து கொழுந்தெடுத்த அதே மாதங்கள். அவர் பறித்தது ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதை அடுத்த ஆண்டுகளில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஏராளமான குடும்பங்கள் இன்றும் லயங்களில்தான் வாழ்கின்றன. என் தங்கை மகனுக்கு ஒரு வீடு கிடைத்தது.

இந்த ஆண்டுப் பழங்களைப் பறித்த அன்று அவனுடன் தொலைபேசியில் பேசினேன். வளவில் என்ன நட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"கீரைதான் மாமா. காணி உறுதி இன்னும் கைக்கு வரல்ல. வந்த பொறகு மரம் வைப்போம்" என்றான்.