பெயர் இல்லாத பணம்

சீட்டாட்டத்தைப் பற்றி நம் சங்க ஏட்டில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். இது குடும்பத்தோடு அமர்ந்து படிக்கும் ஏடு. ஆயினும் நான் சொல்லப் போகும் தவறும் குடும்பத்தின் நடுவே, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து செய்த தவறுதான். ஆகவே குடும்பங்கள் படிக்கும் இடத்திலேயே அதைச் சொல்வது முறை என்று துணிந்தேன்.

நான் இரயில்வேயில் பயணச்சீட்டுக் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷன், வயது முப்பத்தாறு. சொந்த ஊர் காட்பாடி. குடியிருப்பது சித்தூரில்; வேலை திருப்பதிப் பக்கம். பாகாலா வழியாக நாள்தோறும் இரயிலில் போய் வருகிறேன். என் தந்தையார் காலமான பின் தாயார் மட்டும் காட்பாடியில், அவர் கட்டிய வீட்டை விட்டு வர மனமின்றி இருந்து வருகிறார்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பயணிகள் இரயில்கள் நின்றன. டிக்கெட் கொடுக்கும் சாளரம் மூடப்பட்டது. கையில் கைப்பேசியும், முன்னே முடிவில்லாத பகற்பொழுதும் இருந்தன. அப்பொழுதுதான் இணையவழி ரம்மி எனக்கு அறிமுகமாயிற்று. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று ஆடினேன். அவ்வாண்டு செப்டம்பரில் ஆந்திர அரசு அவசரச் சட்டத்தின் மூலம் இணையவழி ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. நவம்பரில் தமிழ்நாடும் தடை செய்தது. என் பழக்கமும் அத்தோடு நின்றது. நின்றே போயிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

2021 ஆகஸ்டு 3-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆந்திரத் தடை அப்படியே இருந்தது. அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. சித்தூரில் கைப்பேசியைத் திறந்தால், "உங்கள் மாநிலத்தில் இவ்வாட்டம் இல்லை" என்று கதவு சாத்திக் கொள்ளும். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் பிரயாணம் செய்து காட்பாடியில் இறங்கினால், அதே கதவு திறந்து கொள்ளும். ஆள் நிற்கும் இடத்தைக் கருவியே அறிந்து சொல்லி விடுகிறது.

மாதம் ஒருமுறை தாயாரைப் பார்க்கப் போய்க் கொண்டிருந்த நான் வாரந்தோறும் போகத் தொடங்கினேன். "பிள்ளைக்கு இப்போதுதான் தாயின் அருமை தெரிந்திருக்கிறது" என்று அவர் அண்டை வீட்டாரிடம் சொல்லி மகிழ்ந்தார். எனக்குப் பிடித்த குழம்பு வைத்து, இலை போட்டுக் காத்திருப்பார். நான் கூடத்து மூலையில் அமர்ந்து, அறிமுகமில்லாத எட்டுப் பேரோடு போக்கர் ஆடிக் கொண்டிருப்பேன்.

எனக்குப் போக்கர் கற்பித்தவர் திருப்பதியில் பழக்கமான தமிழ் அன்பர் ஒருவர். கடை உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர். அதற்காகத் திருத்தணியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். 1960-க்கு முன் திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லை மாறாமல் இருந்திருந்தால் அவருக்கு அங்கே பிழைப்பில்லை என்று நாங்கள் சிரித்ததுண்டு.

அவரைச் சூதாடி என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆட்டத்தைக் கணக்காகவே கண்டார். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு, நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அவற்றில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார் என்பதே ஆட்டம். ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வகைகள் உண்டு. அவற்றுள் இரண்டும் ஏஸாக வருவது ஆறே வகை. அதாவது 221 முறைக்கு ஒருமுறை. ஆகவே பொறுமைதான் முதற்பாடம். பத்துக் கைகளில் ஏழெட்டைப் பந்தயம் கட்டாமலே கவிழ்த்து விட வேண்டும். கடைசியில் பேசும் இடத்தில் அமர்ந்திருக்கும்போது துணிவாக ஆடலாம். முன்னே பேசியவர்களின் மனம் ஓரளவு தெரிந்திருக்கும். சினம் வந்தால் எழுந்து விட வேண்டும். நாள்தோறும் வரவு செலவு எழுத வேண்டும். மேசைக்குக் கொண்டு போகும் தொகையைப் போல் இருபது முப்பது மடங்கு கைமுதல் வேண்டும். அம்முதல் குடும்பச் செலவுக்கு ஒருபோதும் தேவைப்படாத பணமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அதன் பொருள் விளங்கப் பதினைந்து மாதம் ஆயிற்று.

இத்தகைய ஆட்டங்களில் திறமை உண்டா என்றால், உண்டு. செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று குறிக்கப்படும் தீர்ப்பில், ரம்மியில் திறமையே மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, ஆட்டம் நடத்துகிறவர் அதிலிருந்து ஆதாயம் பெற்றால் குற்றம் ஆகக்கூடும் என்றும் கூறியிருக்கிறது. முன்பாதியை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பின்பாதியைக் குமாஸ்தாவின் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள் என்று கொள்வோம். நடத்துபவர் நூற்றுக்குப் பத்து கமிஷன் எடுத்தால் 200 ரூபாயில் 20 போய் விடும். வென்றவனுக்கு இலாபம் 80. தோற்றவனுக்கு நஷ்டம் 100. ஒன்பது ஆட்டத்தில் ஐந்தில் வென்றால்தான் போட்ட முதல் நிற்கும். சமத் திறமையுள்ள இருவர் இருபது ஆட்டம் ஆடி ஆளுக்குப் பத்தில் வென்றால், இருவருமே 200 ரூபாய் தோற்றிருப்பார்கள். அந்த 400 ரூபாயும் ஒரு சீட்டையும் தொடாதவருக்குச் சேரும். எதிரியை வெல்வது மட்டும் போதாது. கமிஷனையும் வெல்லும் அளவுக்கு வெல்ல வேண்டும்.

அதையும் வென்றவர்கள் இருக்கிறார்கள். 2003-இல் அமெரிக்காவில் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடி இடம் பிடித்து, உலகப் போட்டியில் இருபத்தைந்து இலட்சம் டாலர் வென்றார். அச்செய்தியைக் கேட்ட குமாஸ்தாக்கள் எத்தனை பேர் உறக்கம் இழந்தார்களோ! எனக்கோ இப்போது நினைவுக்கு வருபவர் ஸ்டூ அங்கர். ரம்மி வகை ஆட்டத்தில் அவரோடு உட்கார எவரும் துணியாததால் போக்கருக்கு வந்தவர் அவர். 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் போட்டியில் வென்றார். கடைசி வெற்றிக்குப் பரிசு பத்து இலட்சம் டாலர். அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார், வயது 45. மேசையில் அவருக்கு நிகரானவர் அரியர். மேசையை விட்டு எழுந்து போகும் திறமை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

எங்கள் திருத்தணி அன்பரின் கதை இவ்வளவு பெரியதன்று. ஒரு மாதம் என் ஓராண்டுச் சம்பளத்தை விட மிகுதியாக ஈட்டினார். பின் ஆறு மாதம் தொடர்ந்து இறங்கு முகம். ஆட்டம் கெடவில்லை, சீட்டு வரவில்லை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது நேர்வதே. கைமுதல் தாங்கும் வரை பொறுக்க வேண்டும். ஆனால் ஜூன் மாதம் வந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கைமுதலிலிருந்து எடுத்தார். குறைந்த முதலை ஈடு செய்யப் பெரிய மேசைக்குப் போனார். விதியை அறியாமல் அவர் மீறவில்லை. வீட்டில் பிள்ளை இருந்ததால் மீறினார். இப்போது திருப்பதியில் ஒரு கடையில் மீண்டும் கணக்கு எழுதுகிறார்.

என் கணக்குக்கு வருகிறேன். தாயாருக்கு வலக்கண்ணில் புரை விழுந்திருந்தது. நல்ல லென்ஸ் வைத்து அறுவை செய்ய 18,000 ரூபாய் சிறுகச் சிறுகச் சேர்த்துப் புடவை மடிப்பில் வைத்திருந்தார். 2022 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அவசரம் என்று சொல்லி அதை வாங்கினேன். என்ன அவசரம் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் இரவு எனக்கு இரண்டு ஏஸ் வந்தன. பணம் முழுவதையும் வைத்தேன். எதிரி இரண்டு ராஜாவைக் காட்டினார். நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது முறை வெல்லக்கூடிய நிலை. நான் செய்தது ஆட்ட முறைப்படி சரியே. ஆனால் பொதுச் சீட்டில் மூன்றாவது ராஜா விழுந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் இதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கைக்குப் போவார். அவருக்கு மீதி எண்பது முறையும் காத்திருக்கின்றன. தாயாரின் கண்ணுக்கு அடுத்த கை எங்கே?

தலை நிமிர்ந்து பார்த்தேன். தாயார் மருத்துவமனைச் சீட்டைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உறங்கிப் போயிருந்தார். அறுவைக்கு என்று வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லும்படி மாலையில் கேட்டிருந்தார். "ஐந்து நிமிடம் அம்மா" என்று நான் சொல்லி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

விடியும் வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லைக்கு இப்பால்தான் ஆட்டம் திறக்கும் என்பதையும், அதற்காகவே வாரந்தோறும் வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கப்பாவும் பொங்கலுக்குச் சீட்டு ஆடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் சீட்டைக் கட்டி மாடத்தில் வைத்துவிட்டு வருவார். உன் சீட்டைக் கட்டி வைக்கவே முடியாதா அப்பா?" என்றார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சித்தூர் திரும்பி மனைவியிடமும் கூறினேன். பதினைந்து மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம்; 1,84,000 ரூபாய் போயிருந்தது. மனைவியின் வளையலை அடகு வைத்து 2023 மார்ச்சில் தாயாருக்கு அறுவை நடந்தது. வளையலை மீட்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

அன்பர்களே, பிழைக்க வந்த ஊரில் வாழும் நம் வீடுகளில் தேவைப்படாத பணம் என்று ஒன்று உண்டா? சம்பளம் கைக்கு வருமுன்பே ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் வைத்தாகி விடுகிறது. இது வீட்டு வாடகை. இது பள்ளிக் கட்டணம். இது ஊருக்குப் போகும் செலவு. இது அம்மாவின் கண். போக்கர் விதிகள் பொய்யல்ல. ஆனால் அவை பெயர் இல்லாத பணம் வைத்திருப்பவனுக்காக எழுதப்பட்டவை. நம் பிள்ளைகள், "இது அதிர்ஷ்டமல்ல, திறமை" என்று வாதாடினால் மறுக்க வேண்டாம். "உன் கையில் உள்ள பணத்தின் பெயர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். தோற்றவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், கடனை விட அவருடைய மௌனத்துக்கே அஞ்சுங்கள். வாய் திறந்து சொல்ல இடம் கொடுங்கள். சொல்ல முடியாமல் உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடை செய்தது. கள்ள வழிகள் எக்காலத்தும் உண்டு என்பதால் நம் எச்சரிக்கைக்கு ஓய்வில்லை.

அச்செய்தியை எனக்குப் படித்துக் காட்டியவர் தாயார்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, காட்பாடி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நாளிதழை அவரே எழுத்துக்கூட்டாமல் படித்தார். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"இனிமேல் இந்தப் பக்கமும் கிடையாதாமே. நீ வருவாய் அல்லவா?"

வருவேன் என்றேன். போய்க் கொண்டிருக்கிறேன்.