பேட்ச் கார்டின் ஓரம்

டையிங் வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது ரெசிபியைத்தான். சாயம் எத்தனை சதவீதம், உப்பு எவ்வளவு, சோடா எப்போது என்பதெல்லாம் பேட்ச் கார்டிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து சாஃப்ட் ஃப்ளோ மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். கார்டில் ஏறாத விஷயங்களைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்தான் மாஸ்டர் ஆகிறார்.

ஒரு நேவி ப்ளூ ஆர்டர். லேபில் சாயமேற்றிப் பார்த்த மாதிரித் துண்டுக்கு, அதாவது லேப் டிப்புக்கு, பையர் ஓகே கொடுத்து, முதல் பேட்ச்களும் சரியாக வந்தன. அடுத்தது வெளிறி இறங்கியது. ரெசிபி அதேதான், மெஷினும் அதேதான். எங்கள் மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. ஈரத்துணியில் ஒரு துண்டு வெட்டி, பிழிந்து, இஸ்திரி போட்டுக் காயவைத்து, லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்திலும் டிஎல்84 வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "டோன் மாறலப்பா, டெப்த்துதான் குறையுது. நூலைக் கேளு" என்றார். நிட்டிங்குக்குப் போன் போட்டால், "ஆமாங்ண்ணா, பழைய லாட் தீர்ந்துருச்சுங்க, இது வேற மில்லு நூலு" என்று பதில் வந்தது. தெரிந்தவர் அங்கே இருந்தார். தெரிய வேண்டியவர் இங்கே இருந்தார். அன்றிலிருந்து நூல் லாட் எண் கார்டின் தலையில் ஏறியது. லாட் மாறினால் லேபில் மறுபடி டிப் போடாமல் துணி ஏற்றுவதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாட்டோடு திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, சுத்திகரித்து மீட்ட தண்ணீரும் உப்புக் கரைசலுமே பல பட்டறைகளுக்குத் திரும்பி வருகின்றன. கரைசலில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் எடுக்கும் பையன் சொன்னால்தான் மாஸ்டர் மீதி உப்பைக் கணக்குப் போட முடியும். கடினத்தன்மை ஏறியிருந்தால் ஷேட் மங்கும், திட்டும் விழும். அதேபோல, வெளிர் ஷேட் சூட்டில் மஞ்சளடிப்பது, துணியை உலர்த்தும் ஸ்டென்டரில் நிற்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

இத்தனை பேர் கண்டதும் ஓரிடத்தில் சேர வேண்டும். எங்கள் மாஸ்டர் அதற்காகவே கார்டின் ஓரத்தில் இடம் விட்டுவைப்பார். ஹெல்ப்பர் எழுதினாலும் படிப்பார். ரிப்பீட் ஆர்டர் வந்தால் முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்ப்பார்.

கற்க வரும் தம்பிகளே, ரெசிபி தானாகக் கைக்கு வந்துவிடும். ஷிப்ட் முடிந்து கிளம்பும்முன், கண்டதை ஒரு வரி கார்டில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த ஷிப்ட்காரருக்கு அதுதான் வேண்டும்.